அச்சன்புதூர் ரூட்டுக் கேன்கள்

என் ராசாவுக்கு,

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசியபோது நீ எனக்கு ஒரு வேலை கொடுத்தாய். ஆவணியில் அங்கே இருக்கிற உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடப் போவதாகவும், நம் பால் கம்பெனியை முழுதாக உன் கையில் எடுத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னாய். அதற்குள் புது வெப்சைட் தயாராக வேண்டுமாம். அதில் போடுவதற்குக் கம்பெனியின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாய். "தாத்தா சைக்கிள்ல பால் கொண்டுபோன கதையில ஆரம்பிங்கம்மா. எல்லாருக்கும் அதுதான் பிடிக்கும்" என்றாய். எழுதிவிட்டேன். அது மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் இதை நீ படிக்க வேண்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் கொடு, கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கும் கொடு, கேட்கிற யாருக்கும் கொடு.

இந்த வருடம் ஆனி பாதியிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. பால் சோதிக்கிற லேப் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மலை இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஏதோ தொங்குகிறது, அவ்வளவுதான். காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ஒரே வெளிச்சம். இந்த வெளிச்சத்தில் எனக்கு எப்போதும் ஒரு மயக்கம் உண்டு. விழித்துக்கொண்டே இருக்கிறேன், ஆனால் எந்த வருடத்தில் இருக்கிறேன் என்பது கொஞ்ச நேரத்துக்குப் பிடிபடுவதில்லை. முற்றத்தில் கேன் இறக்குகிற சத்தம் கேட்கும்போது உன் அப்பா கீழே நின்றுகொண்டிருப்பதுபோலவே இருக்கிறது. எட்டிப் பார்த்தால் டெம்போ டிரைவர் நிற்கிறான். நான் எழுதிய அந்த இரண்டு பக்கத்தையும் இப்படி ஒரு மதியத்தில்தான் எனக்கு நானே வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே நாக்கு தட்டியது. 'ஒரு சைக்கிளில் தொடங்கிய பயணம்' என்று எழுதியிருந்தேன். சைக்கிள் இரண்டு, ராசா.

ஒன்று உன் தாத்தாவுடையது. மற்றது பரமசிவம் என்பவருடையது. நீ அந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாய், கேள்விப்படாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் அச்சன்புதூரில் பக்கத்துப் பக்கத்து வயலில் வேலை செய்தவர்கள். உன் தாத்தாவிடம் இரண்டு மாடும் கொஞ்சம் கைக்காசும் இருந்தன. பரமசிவத்திடம் இருந்தது கால்பலமும், எந்த வீட்டுக்குள்ளும் போய்ப் பேசுகிற முகமும். சீசன் வந்தால் குற்றாலத்தில் டீக்கடைகளுக்குப் பால் போதாது. விடியுமுன் இரண்டு பேரும் ஊரைச் சுற்றிப் பால் வாங்கி, சைக்கிளுக்கு இரண்டு கேன் வீதம் கட்டிக்கொண்டு, சாரலில் நனைந்தபடி மிதித்துப் போவார்கள். நடுவில் எங்கே மழை வலுத்தாலும் முதலில் கேன் மூடிமேல்தான் துண்டைப் போடுவார்களாம், தலைக்கு இல்லை. இப்படிப் பத்து வருடம். பிறகு தென்காசியில் இந்த இடத்தை வாங்கி, கொதிகலனும் குளிர்விக்கும் தொட்டியும் வைத்து, கம்பெனி என்று பேர் எழுதியபோது அந்தப் பேரில் உன் தாத்தா மட்டும்தான் இருந்தார். பரமசிவம் அண்ணாச்சி அச்சன்புதூரில் பால் சேகரித்து வரும் ரூட்டின் பொறுப்பாளர் ஆனார். அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

நான் செங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கெமிஸ்ட்ரி படித்திருந்தேன். வந்த புதிதில் இந்த வீட்டில் எல்லாமே பால் வாசனையாக இருந்தது. தலையணையில், உன் அப்பாவின் சட்டையில், மழையில்கூட. காலையில் கண் திறக்குமுன்பே கேன்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்கும், ஏதோ கோவிலுக்குப் பக்கத்தில் தூங்கி எழுவது மாதிரி இருக்கும். ஒரு ஓணத்துக்கு முன்னால் ஆரியங்காவு பக்கம் அனுப்பிய பால் முழுக்கத் திரிந்துபோய் வந்தது. உன் தாத்தா என்னைக் கூப்பிட்டு, "நீ படிச்சிருக்கல்லா தாயி, இது ஏன்னு பாரு" என்றார். ஸ்டோர் ரூமில் ஒரு மேஜையைப் போட்டு, சோதனைக் குழாய்களும் நாலைந்து மருந்துப் புட்டிகளும் வாங்கி வைத்தேன். அதுதான் இந்த லேப். ஒரு வருடத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு கேன் உள்ளே போகாது என்று ஆகிவிட்டது. டிரைவர்கள் என் ஜன்னலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்துவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைக்காமல் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

பரமசிவம் அண்ணாச்சி மட்டும் குரலைத் தாழ்த்த மாட்டார். அவருடைய லேப் அவருடைய கட்டைவிரல் நகம். ஒரு சொட்டுப் பாலை நகத்தில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்து, நாக்கில் வைப்பார். "இது வடக்குத்தெரு பேச்சியம்மா மாடு. கன்னு போட்டு எட்டு மாசம் ஆச்சு, பால் லேசா உப்புக் கரிக்கும். வேற கோளாறு இல்ல" என்பார். நான் சோதித்துப் பார்ப்பேன், சரியாகவே இருக்கும். "உங்க நாக்கை எனக்குக் கொடுத்திருங்க அண்ணாச்சி, லேப் செலவு மிச்சம்" என்பேன். "நாக்கைக் கொடுத்திட்டா நான் எப்படிப் பேச தாயி?" என்று சிரிப்பார். எங்களுக்குள் ஒரு போட்டி இருந்தது. அவர் அதை விளையாட்டு என்று நினைத்தார். எனக்கு அது முழுக்க விளையாட்டு இல்லை.

உன் தாத்தா போன மறுவருடம், ஆடி மாதம். நீ என் வயிற்றில் ஆறு மாதம். இதே போல விடாத சாரல். குற்றாலத்தில் ஒரு ஓட்டலிலிருந்து ஆள் வந்து, நம் பாலை உறை ஊற்றினால் தயிர் தோயவில்லை, கொழகொழவென்று நிற்கிறது என்றான். புளிக்கப் போகிற பாலில் சோடா உப்பைப் போட்டால் புளிப்பு வெளியே தெரியாது, ஆனால் தயிரும் சரியாகத் தோயாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. பாலில் அதற்கென்று உள்ள மருந்தைச் சில சொட்டு விட வேண்டும். நல்ல பால் என்றால் மங்கலான பழுப்பு நிறம் வரும். சோடா இருந்தால் ரோஜாப்பூ நிறம். அன்று வந்த அத்தனை கேன்களையும் சோதித்தேன். எல்லாம் பழுப்பு. அச்சன்புதூர் ரூட்டில் வந்த ஆறு கேன் மட்டும் ரோஜா நிறம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும். சாம்பல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் ஆறு குழாய்களும் வரிசையாக நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு அழகான நிறத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த நிறம் இன்றைக்கும் என் கனவில் வரும். சில நாள் மழையாகவே பெய்யும்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது முப்பது வயது, தகப்பனார் இல்லாத முதல் சீசன், தன் பேச்சு எடுபடுமா என்கிற பயம். முற்றத்தில் டிரைவர்கள், கேன் கழுவுகிறவர்கள், பால் கொண்டுவந்த பெண்கள் எல்லாரும் நிற்கும்போதே அண்ணாச்சியைக் கூப்பிட்டார். நான் ஒரு குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி, உங்க ரூட்டுப் பால்ல மூணு நாளா சோடா இருக்கு. என்ன சொல்லுதிய?"

அவர் என்னிடமிருந்து குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்ல கலராத்தான் இருக்கு, தாயி" என்றார். பிறகு உன் அப்பாவைப் பார்த்து, "நான் கலக்கல. கலக்கலன்னு சொல்லுதேன். அது போதாதுன்னா அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

"சோதனையில தெரியுதுல்லா?" என்றேன் நான். அவர் கேட்காமலே, யாரும் கேட்காமலே நான் சொன்ன வார்த்தை அது.

அவர் குழாயை என் கையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். சைக்கிளை எடுக்கவில்லை, அது கம்பெனி வாங்கிக் கொடுத்த சைக்கிள். இலஞ்சி ரோட்டில் அவர் முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் சாரலாக ஆகிவிட்டது.

மறுநாள் அதே ரூட்டுக்கு வேறு ஆள் போனான். பால் வந்தது. சோதித்தேன். ரோஜா நிறம். முற்றத்துக்கு இறங்கி, அந்த ரூட்டுக்குப் போகத் தயாராகக் கழுவிக் கவிழ்த்திருந்த வெறும் கேன் ஒன்றை எடுத்து, அதில் நல்ல தண்ணீர் கொஞ்சம் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைச் சோதித்தேன். ரோஜா நிறம். நம் கேன்களைச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்துத்தான் கழுவுவார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அச்சன்புதூர் வண்டி கடைசியாக வரும், அந்தக் கேன்கள் கடைசியாக முக்கப்படும். அந்த வாரம் மழையில் மோட்டார் பழுதாகி, தொட்டித் தண்ணீரை மாற்றாமலே வைத்திருந்தார்கள். கடைசி ஆறு கேன்களும் சோடாத் தண்ணீரில்தான் முங்கி எழுந்தன. வெறும் கேனைச் சோதித்துப் பார்ப்பதுதான் படித்தவள் முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். ஐந்து நிமிட வேலை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கேன் கழுவுகிற மாடத்தியைக் கூப்பிட்டு, "இனிமே தொட்டித் தண்ணிய தினமும் மாத்தணும், கேனை ரெண்டு தண்ணில அலசணும்" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் பழுப்பு. அதற்கு மறுநாளும் பழுப்பு. முற்றத்தில் டிரைவர் ஒருவன் சத்தமாகச் சொன்னான்: "பாத்தியளா, பரமசிவம் போனதும் பால் சரியாயிட்டு." ஜன்னல் இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டேன். இப்போது சொன்னால் லேபை மூடிவிடுவார்கள், மறுபடி அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிள்ளை பிறந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

பிள்ளை பிறந்தது, ஐப்பசியில். தை மாதம் ஒரு முற்பகலில் வீரகேரளம்புதூரிலிருந்து இரண்டு பேர் வெள்ளை வேட்டியில் வந்தார்கள். பரமசிவம் அண்ணாச்சியின் மகள் முப்பிடாதியைப் பெண் பார்த்திருக்கிறார்கள். பிடித்திருக்கிறது. தகப்பனாரைப் பற்றி ஏதோ காதில் விழுந்ததாம், அதைக் கேட்டுத் தெளிந்துகொண்டு போகலாம் என்று வந்திருந்தார்கள். உன் அப்பா அவர்களை உட்காரவைத்தார். நான் காப்பி கொண்டுபோனேன். "ஆளு எப்படி?" என்றார் பெரியவர். உன் அப்பா தரையைப் பார்த்தார். "இப்ப எங்ககிட்ட இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கையில் தட்டு இருந்தது. ஒரு வார்த்தை, ராசா. 'அவர் மேல் தப்பில்லை' என்று ஒரு வார்த்தை. உள்ளே தொட்டிலில் நீ அழுதாய். பிள்ளை அழுகிறது என்று உள்ளே போய்விட்டேன். நீ அப்போது அழாவிட்டாலும் நான் உள்ளேதான் போயிருப்பேன்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அண்ணாச்சி குடும்பம் அச்சன்புதூரை விட்டுப் போனது. பழைய குற்றாலம் போகிற பாதையில் டீக்கடை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். இங்கே நாம் வளர்ந்தோம். பாக்கெட் வந்தது, தயிர் வந்தது, நெய் வந்தது. ஓணத்துக்குப் பாயசப்பால் வேண்டும் என்று செங்கோட்டை தாண்டி வண்டிகள் வரிசையில் நின்றன. வெப்சைட்டில் போட வேண்டியதெல்லாம் இந்த வருடங்களில்தான் நடந்தது, அதையெல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எனக்கு அந்த வருடங்கள் தண்ணீருக்கு அடியில் நடந்தவை மாதிரி நினைவிருக்கின்றன. எல்லாம் தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. சீசனுக்கு உன்னை அருவிக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் ஐந்தருவிக்குத்தான் போவேன். "பழைய குத்தாலத்துக்கு ஏம்மா போகமாட்டேங்கிய?" என்று நீ ஒருமுறை கேட்டாய். அங்கே கூட்டம் என்றேன்.

உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம், அப்போது வெளிநாட்டில் இருந்த நீ விமானத்துக்குக் காத்திருந்தாய். காலையில் அவருக்கு முகம் துடைத்துவிடும்போது சொல்லிவிட்டேன். கேன், தொட்டி, சோடா, எல்லாம். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு, "மாடத்தி அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டா" என்றார்.

எனக்குப் புரிய நேரமாயிற்று. "அப்ப ஏன் நீங்க எதுவும் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். சொல்லாம இருக்கன்னா பயப்படுதன்னு தெரிஞ்சுது. உன்னை முத்தத்துல நிறுத்த எனக்கு மனசு வரல. பொறவு, நாளாயிட்டு."

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், இருபத்தாறு வருடம் இரண்டு பேரும் அதே ஒரு சங்கதியை ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அதை அன்பு என்றுகூடச் சொல்லலாம். அந்த அன்புக்கு விலை கொடுத்தது வேறொருவர். உன் அப்பா போனபிறகும் நாலு வருடம் நான் அண்ணாச்சியைத் தேடிப் போகவில்லை. அதற்கு ஒரு சாக்கும் என்னிடம் இல்லை. நீ வரலாறு கேட்டு, அதன் முதல் வரியில் நாக்கு தட்டியிருக்காவிட்டால் இன்னமும் போயிருக்க மாட்டேன்.

அந்த இரண்டு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்த மறுநாள் காலையிலேயே ஆட்டோ பிடித்துப் போனேன். தகரக்கூரை போட்ட கடை, சீசன் கூட்டம். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு பத்துப் பதினைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் நின்ற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும், முப்பிடாதி என்று பார்த்ததும் தெரிந்தது. அவள் அப்பாவின் அதே முகம். அண்ணாச்சி அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரொம்பச் சிறுத்துவிட்டார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செங்கோட்டைத் தாயில்லா?" என்றார். அவர் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"காதுல விழல தாயி. மழைக்குக் காது மிஷின் கரகரங்குதுன்னு கழத்தி வச்சிட்டேன். சத்தமாச் சொல்லு."

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கையைக் காதில் குவித்துக்கொண்டு தலையை ஆட்டினார். "இன்னும் சத்தமா."

முப்பது வருடமாக ஒருவருக்கும் கேட்காமல் பார்த்துக்கொண்டதை, ராசா, தகரக் கூரையில் மழை கொட்ட, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் நடுவில் நின்று கத்தினேன். "நீங்க சோடா கலக்கல அண்ணாச்சி! எங்க கேன்லதான் சோடா இருந்துச்சு! அது எனக்கு மறுநாளே தெரியும்! தெரிஞ்சும் சொல்லல!"

அண்ணாச்சி என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "நான் கலக்கலன்னு எனக்குத் தெரியாதா? இதைச் சொல்லவா இந்த மழையில வந்த?" பிறகு முன்னால் சாய்ந்து, "பொறவு கேனை ரெண்டு தண்ணில அலசுனியளா இல்லையா?" என்று கேட்டார். அலசினோம் என்றேன். "அப்ப சரி" என்று சாய்ந்துகொண்டார். அவருக்கு அது போதுமாக இருந்தது. பாலுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் அவருக்கு இத்தனை வருடமும் விளங்காமல் இருந்திருக்கிறது.

திரும்பினால் முப்பிடாதி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள். பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிகிறது, அவள் பார்க்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியும்" என்றாள். "எனக்குத் தெரியாதுல்லா? செஞ்சிருப்பாவன்னுதான நான் நினைச்சிட்டிருந்தேன்? கஷ்டத்துக்குச் செஞ்சிருப்பாவ, என் கல்யாணத்துக்குன்னு செஞ்சிருப்பாவன்னு. ஒரு நாள் கோவத்துல முகத்துக்கு நேரே கேட்டும்புட்டேன். அன்னைக்குப் பூராவும் அப்பா சாப்பிடல. பொறவு வந்த மாப்பிள்ளைய எல்லாம் நான்தான் வேண்டாம்னேன். மறுபடி ஒருத்தரு அப்பாவைப் பத்தி விசாரிக்கக் கூடாதுன்னு."

நான் கும்பிட்டேன். அவள் என் கையைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. அடுப்பை அணைத்தாள். வழிந்த பாலைத் துடைத்தாள். ஒருவர் டீக்கு நீட்டிய காசை வாங்கிப் போட்டாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"இங்கன நிக்கவங்க எல்லாம் வெளியூரு. இவங்களுக்கு என்ன தெரியும்? சொன்னியள்லா, அதை அச்சன்புதூர்ல வந்து சொல்லணும். வடக்குத்தெருவுல. வீடு வீடா. வருவியளா?"

வருகிறேன் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். அவள் முன்னால் நடந்தாள், நான் குடையோடு பின்னால். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இவிய ஒரு சங்கதி சொல்லணும்னு வந்திருக்காவ" என்று சொல்லிவிட்டு அவள் தள்ளி நின்றுகொள்வாள். நான் சொல்வேன். சில வீட்டில் பழைய ஆட்கள் யாருமில்லை, பேரப்பிள்ளைகள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "யாரு பரமசிவம்?" என்றார்கள். அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னேன். பேச்சியம்மா மருமகள் என்னை உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. ஒரு வீட்டில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, "நீங்கதானா அது?" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். இன்னொரு வீட்டில் ஒருவர் சட்டென்று அழுதுவிட்டார், தன் பங்குக்கு அவரும் அன்று அண்ணாச்சியிடம் பேச்சை நிறுத்தியவராம். இருபது வீடு முடிவதற்குள் என் குரல் போய்விட்டது. சாரலில் தெரு முழுக்க ஒரே ஈரமாக, ஒரே நிறமாக, முடியாமல் போய்க்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. ஆனால் அது கனவு இல்லை. ஒவ்வொரு வாசலிலும் கால் வலித்தது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டேன், "வீரகேரளம்புதூருக்கும் போவோமா?" அவள் என்னை அன்றுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தாள். "அங்கன போயி என்ன செய்ய? அன்னைக்கு என்னைப் பாத்த ஆளு இப்போ பேரன் பேத்தி எடுத்திருக்கும்" என்றாள். சிரித்தாள் என்று சொல்ல முடியாது. சிரிக்க வந்தாள்.

நீ பொறுப்பெடுத்துக்கொண்டபின் உனக்கும் ஒரு நாள் வரும், ஒருவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும். முற்றத்தில் வைத்துச் செய்யாதே. எந்த மிஷின் எந்தச் சீட்டை அடித்துக் கொடுத்தாலும், முதலில் நம் வெறும் கேனை ஒருமுறை சோதித்துப் பார். ஆட்கள் உன் ஜன்னலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தத் தொடங்கினால், அவர்கள் எதைச் சொல்லாமல் போகிறார்கள் என்று யோசி. இழுப்பறையில் இருக்கும் இரண்டு பக்கத்தையும் கிழித்துவிடப் போகிறேன். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தைப் போடு. நம் வியாபாரத்துக்கு இது கெடுதல் என்று ஆடிட்டர் சொல்வார், உனக்கும் தோன்றும். பாலை நம்பி வாங்குகிறவர்கள் அந்தப் பாலை யார் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்து வாங்கட்டும். முப்பிடாதியிடம் கேட்டுவிட்டேன், அவள் அப்பா பேரை முழுசாகப் போட வேண்டும் என்றாள், இனிஷியலோடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிழக்குத்தெரு. முப்பிடாதிக்கு முழங்கால் வலி, எனக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை. நீ சனிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு வந்துவிடு. வண்டியை நீ ஓட்டு. பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா